பதினொன்றாம் விதி

ஒரு நல்ல மனிதரை எங்கள் கூட்டத்திலிருந்து வெளியேற்றுவதற்காக நான் ஒரு விதி எழுதினேன். அதற்கு நாட்டுப்பற்று என்று பெயர் வைத்தேன். உண்மையான காரணம் பொறாமை. எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நேரமில்லை.

நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், மகன் வீட்டில் இருக்கிறேன். சென்னையில் ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு உட்பிரிவு சேர்க்கத் தோன்றும் வியாதி எனக்கு உண்டு. இங்கே எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸில் புதன்கிழமை மதியம் தமிழ் முதியவர்கள் முப்பது பேர் கூடுவோம். யாரோ சமோசா கொண்டு வருவார்கள், யாரோ சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார்கள், அதன் பிறகு, கூப்பிடும் எண்ணை டிக்கெட்டில் அடிக்கும் தம்போலா ஆட்டம். இந்தக் கூட்டத்துக்கு விதிகள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானே பத்து விதிகள் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் படிக்காமலே கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

தம்போலாவுக்கு எண் கூப்பிட்டவர் என் நண்பர். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், மின்வாரியத்தில் இருந்தவர், மனைவி இறந்த பிறகு மகளோடு வந்து தங்கியவர். ஆறடி உயரம். எண் கூப்பிடுவது பெரிய வித்தையில்லை என்று நினைப்பவர்கள் அவரைக் கேட்டதில்லை.

"இருவத்திரண்டுங்க! ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு, இன்னும் லிஃப்ட்டுலதான் போறோம்!"

"அறுவது! மறுக்கா தாலி கட்டியும் அதே பொண்டாட்டி!"

"ஒண்ணே ஒண்ணு! பேரன் பேசற தமிழ் வார்த்த!"

"தொண்ணூறு! மருமவகிட்டச் சொல்லீராதீங்க, மயக்கம் போட்டு விழுந்துரும்!"

பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பரிசு என்னவோ டாலர் கடையில் வாங்கிய சோப்புப்பெட்டிதான். அதற்கு அப்படி ஒரு போட்டி.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதி ஊர்வலத்தில் எங்கள் கூட்டமும் நடக்கும். முன்னால் ஒரு பேனர், இரண்டு பக்கமும் கழி. உயரம் காரணமாக வலது கழி எப்போதும் அவர் கையில். வழியெல்லாம் ஜனங்கள் அவரைப் பார்த்துக் கையசைப்பார்கள், அவர் மந்திரிபோலத் திருப்பி அசைப்பார். பின்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு நடந்தவன் நான். அந்தக் கழியை ஒரு முறை பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்க வெட்கமாக இருந்தது.

எங்களில் அவர் ஒருவர் மட்டும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை. பல வருடமாக கிரீன் கார்டுதான். காரணம் கேட்டேன் ஒரு நாள்.

"ஃபாரமெல்லாம் புள்ள ரொப்பி வச்சிருக்குதுங்க சார். ஆனா கையத் தூக்கி, இத்தன நாளு இருந்த பக்கத்துக்கு இனி நான் கட்டுப்பட்டவனில்லைன்னு சொல்லோணும். வாய் வரமாட்டேங்குது."

"எல்லாரும் சொல்றதுதான சார். வெறும் ஃபார்மாலிட்டி."

"ஃபார்மாலிட்டின்னா எதுக்குங்க கையத் தூக்கறது?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் அந்தச் சத்தியம் எடுத்த நாளில், முடிந்ததும் மசாலா தோசை வாங்கித் தருவதாக மகன் சொல்லியிருந்தான். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, தோசை நினைவிருக்கிறது.

பதில் வராத எரிச்சலும் கழி மேல் இருந்த ஆசையும் சேர்ந்து பதினொன்றாம் விதி ஆயிற்று. 'பொறுப்பு வகிப்பவர்கள், விளையாட்டு நடத்துபவர்கள், ஊர்வலத்தில் முன்னே செல்பவர்கள் ஆகியோர் இந்நாட்டுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தவர்களாக இருக்க வேண்டும்.' ஒரு புதன்கிழமை, சமோசாவுக்குப் பிறகு, எல்லாரும் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது வாசித்தேன். கைகள் உயர்ந்தன. பாதிப் பேருக்கு எதற்கு உயர்த்துகிறோம் என்று தெரியாது. நண்பருக்குத் தெரிந்தது. எழுந்தார், தன் நாற்காலியை மடித்தார், சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளோடு ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்.

"சரிங்க," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அந்த ஜூலையில் வலது கழியை நான் பிடித்தேன். தம்போலாவையும் நானே நடத்தினேன். "நாற்பத்து மூன்று," என்பேன். "நாற்பத்து மூன்று," என்று மறுபடி சொல்வேன், காது மந்தமானவர்களுக்காக. மூன்று மாதத்தில் கூட்டம் பதினைந்தாகக் குறைந்தது. குளிர் என்று காரணம் சொன்னார்கள். அப்போது செப்டம்பர்.

வசந்தத்தில் மருமகள் என்னை ஒரு பழைய வீட்டுக்குக் கூட்டிப் போனாள். "வீட்லயே உக்காந்து எல்லாரையும் திருத்தாதீங்க மாமா, வாலன்டியர் பண்ணுங்க," என்றாள். எங்கள் ஊரிலிருந்து இருபது நிமிட டிரைவ். இந்த நாடு பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராகப் புரட்சி செய்த காலத்துக்கு முன்னால் கட்டிய மரவீடு, இப்போது அருங்காட்சியகம். அதைக் கவனித்துக்கொண்ட வெள்ளைக்கார அம்மையார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என்னைக் கண்டதும், கோட்டு தைக்க அளவெடுத்துவிட்டார்.

ஏனென்றால் அவருக்கு ஓர் ஆள் தட்டுப்பாடு. அந்த வீட்டின் முதல் சொந்தக்காரர் ராஜவிசுவாசி. புரட்சியின்போது இங்கிருந்த எல்லாரும் மன்னரை எதிர்த்தார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கணிசமான பேர் மன்னர் பக்கமே நின்றார்கள். புதிய அரசுக்கு விசுவாசம், பழைய மன்னரோடு உறவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவர்களின் நிலமும் வீடும் பறிபோயின. பலர் கனடாப் பக்கம் கப்பலேறினார்கள். இந்த மனிதர் ஒரு சாதாரண விவசாயி. ஒற்றர் இல்லை, துப்பாக்கி தூக்கவில்லை. கையெழுத்துப் போட மறுத்தார், அவ்வளவுதான்.

கோடையில் சனிக்கிழமைதோறும் முற்றத்தில் ஒரு சின்ன நாடகம் நடக்கும். மேசையில் உறுதிமொழிப் பத்திரம். அதிகாரி வாசிப்பார். ராஜவிசுவாசி ஏன் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்வார். பார்வையாளர்கள் கைதூக்கித் தீர்ப்பு சொல்ல வேண்டும்: இருக்கட்டுமா, போகட்டுமா? மற்ற தொண்டர்கள் எல்லாரும் புரட்சிக்காரர்களின் வம்சம் என்று பெருமைப்படுபவர்கள். ராஜவிசுவாசி வேடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஆகவே சென்னை மயிலாப்பூர்க்காரன் ஒருவன், ஜூன் மாத வெயிலில், கம்பளிக் கோட்டும் மூன்று மூலைத் தொப்பியும் போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் மன்னருக்காக வாதாடினான்.

வாதாடினேன் என்பது சரியான வார்த்தை. ஒப்பந்தச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். இறையாண்மை, சட்டபூர்வமான அரசு, எல்லாம் சொன்னேன். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ஒரு குழந்தை என் மேல் பாப்கார்ன் எறிந்தது. எல்லாக் கைகளும் 'போகட்டும்' என்று உயர்ந்தன. இரண்டு சனிக்கிழமையும் நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே போனேன்.

இரண்டாவது சனிக்கிழமை மாலை அந்த அம்மையார் எனக்கு இரண்டு பட்டியல்களின் நகல்களைக் காட்டினார். ஒன்று, இந்த விவசாயி மேல் புகார் கொடுத்துக் கையெழுத்திட்ட அக்கம்பக்கத்தார். மற்றது, அவருடைய சாமான்கள் ஏலம் போனபோது எடுத்தவர்கள். செம்புக் கெண்டி, ஆறு நாற்காலி, ஒரு பிடில். இரண்டிலும் பெரும்பாலும் ஒரே பெயர்கள். பிடிலை எடுத்தவர் பக்கத்துத் தோட்டக்காரர்.

"அந்த பிடில் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண் இருந்திருக்கும்," என்றார் அம்மையார், சாதாரணமாக, ஃபைலை மூடிக்கொண்டே.

எனக்கு உடம்பு சுட்டது. கம்பளிக் கோட்டு என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை நாடகத்துக்கு முன்னால் அம்மையார் என்னிடம் சொன்னார்: "இன்று வாதாட வேண்டாம். அவரால் ஏன் முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்." மேசைக்கு முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் சொன்னது இதுதான்: நான் யாரையும் குறை சொல்லவில்லை. நீங்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் கையைத் தூக்கி, இத்தனை நாள் இருந்த பக்கத்துக்கு இனி நான் கட்டுப்பட்டவனில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெறும் சடங்கு என்கிறீர்கள். சடங்கென்றால் எதற்காகக் கையைத் தூக்க வேண்டும்?

அன்றும் தோற்றேன், ஆனால் பத்துப் பன்னிரண்டு கைகள் உயரவே இல்லை.

காரில் ஏறியதும் மருமகள், "மாமா, சூப்பர்! அந்த டயலாக் யாரு எழுதிக் குடுத்தா?" என்றாள்.

"எழுதிக் குடுக்கல. திருடினது. அந்த டயலாக்கோட சொந்தக்காரர் வீட்டுக்குப் போகணும், வண்டியத் திருப்பு."

"இந்த கோட்டோடயா?"

"கழட்டினா தைரியம் போயிடும்."

நண்பர் வீட்டுப் பின்பக்கம் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். புடலங்கொடி. என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்பியில் கொஞ்ச நேரம் கண் நின்றது.

"ஏனுங்க சார், எந்த நாடகக் கம்பெனில இருந்து தப்பிச்சு வந்தீங்க? வந்ததும் வந்தீங்க, இந்தக் கயித்தப் புடிங்க."

பிடித்தேன். பிடித்துக்கொண்டே சொன்னேன். "சார், அந்த ரூல நாட்டுக்காக எழுதல. பேனருக்காக எழுதினேன். நீங்க புடிக்கறதப் பாத்துப் பொறாமை. நீங்க கேட்ட கேள்விக்கு பதில் தெரியலங்கற கோபம் வேற."

அவர் முடிச்சுப் போட்டு முடித்தார். "தெரியுங்க."

"தெரியுமா?"

"பேனரு உங்க கைக்குப் போனா வேற என்னங்க அர்த்தம்? ஊர்வலத்தன்னிக்கு நான் ரோட்டோரத்துல நின்னு பாத்தனுங்க." அவருக்கு உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. "நீங்க அதத் திருப்பிப் புடிச்சிருந்தீங்க சார். எழுத்தெல்லாம் உங்க பக்கம். ஊருக்கு வெறும் வெள்ளத் துணிதான் தெரிஞ்சுது. பெருசுக முப்பது பேரு யாருகிட்டயோ சரணடையப் போற மாதிரி இருந்துச்சு."

வழியெல்லாம் நான் அந்த எழுத்துகளைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே நடந்திருந்தேன். பின்னால் வந்தவர்களுக்கும் எழுத்து நேராகத்தான் தெரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது, அவரைத் தவிர. ஒரு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நான் சிரிக்க ஆரம்பித்தேன், அவரும் அடக்கி வைத்த சிரிப்பை விட்டுவிட்டார், பந்தல் ஆடியது. சத்தம் கேட்டு அவருடைய மகள் வெளியே வந்தாள்.

"அங்கிள்! எவ்ளோ நாளாச்சு. ஒரு வருஷமா வெட்னஸ்டே மத்தியானம் ஆனா அப்பா டிவிகூடப் போட மாட்டார், தெரியுமா? சும்மா உக்காந்திருப்பார்." அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. "நல்ல டைம்ல வந்தீங்க. எனக்கு ஜாப் சேஞ்ச். மாசக் கடைசில கலிஃபோர்னியா மூவ் பண்றோம். அங்க டப்ளின்னு ஒரு ஊர்."

மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது.

அடுத்த புதன்கிழமை கிளப்ஹவுஸில் எழுந்து நின்று, நண்பரிடம் சொன்னதை அப்படியே எல்லாரிடமும் சொன்னேன். பேனரைத் திருப்பிப் பிடித்ததையும் மறைக்கவில்லை. என்னோடு இடது கழியைப் பிடித்த எஞ்சினியர், "ஐயோ, நானுமா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பதினொன்றாம் விதியை இப்போதே நீக்க வேண்டும் என்றேன்.

திருச்சியில் தலைமை ஆசிரியையாக இருந்த அம்மா ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. எங்கள் விதிகளை முழுக்கப் படித்த ஒரே ஆள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார். "முடியாது சார். நாலாவது ரூல். எந்த விதியையும் மாத்தணும்னா முப்பது நாள் முன்னாடி நோட்டீஸ். கீழ உங்க கையெழுத்து இருக்கு."

"அதுக்குள்ள அவர் போயிடுவார் டீச்சர்!"

"நான் என்ன சார் பண்றது? நல்லா கெட்டியா எழுதியிருக்கீங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது வருடம் சட்டம் படித்தவனுக்கு ஒரு சந்து தெரியவில்லை. நோட்டீஸை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். டீச்சர்தான் கடைசியில் கேட்டார்: "அந்தப் பழைய வீட்டுல சனிக்கிழமை கை தூக்கச் சொல்றாங்கன்னீங்களே. அங்க யாரு வேணா தூக்கலாமா?"

"யாரு வேணா."

"அப்ப நோட்டீஸ் நோட்டீஸ் பாட்டுக்கு இருக்கட்டும். நாம அங்க தூக்குவோம்."

ஜூன் கடைசிச் சனிக்கிழமை, இடையில் நின்றுபோனவர்களையும் சேர்த்து, நான்கு மினிவேன்களில் இருபத்தெட்டு பேர் போய் இறங்கினோம். பட்டுப்புடவை, வாக்கர், தயிர்சாதம், எல்லாம். அம்மையார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. அன்று ராஜவிசுவாசி வேடம் நான் போடவில்லை. என் நண்பரிடம் கேட்டபோது, "எனக்குத்தான் மாட்டேங்கற பழக்கம் இருக்குதுங்களே," என்று வாங்கிக்கொண்டார். கோட்டின் கை அவருக்கு முழங்கைவரைதான் வந்தது. நான் அதிகாரி. பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்க வேண்டியவன். அப்படித்தான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிய வேடம் அது.

நீட்டினேன். அவர் பத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: முடியாது, மன்னிக்க வேண்டும். பிறகு என் காதில், "நேராப் புடிங்க சார், இதுவும் திரும்பியிருக்குது," என்றார். பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் அதிகாரி சிரித்துவிட்டார்.

அம்மையார் தீர்ப்புக் கேட்டார். போகட்டும் என்பவர்கள்? ஒரு கைகூட இல்லை. எங்களைப் பார்த்து மற்றவர்களும் தூக்கவில்லை. இருக்கட்டும் என்பவர்கள்? எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். தோள்பட்டை வலிக்காரர்கள் அடுத்தவர் உதவியோடு தூக்கினார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களும் தூக்கின. டீச்சர் இரண்டு கையும் தூக்கினார். "ஒருத்தருக்கு ஒண்ணுதான்," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். "ஒண்ணு போன வருஷத்துக்கு," என்றார்.

நடந்த சரித்திரத்தை மாற்ற முடியாது என்றும், ஆனாலும் இன்று ஒரு நாள் இவர் கேட்டைத் தாண்டி வெளியே போக வேண்டியதில்லை என்றும் அம்மையார் அறிவித்தார். போகாதவர் என்ன செய்வது? மேப்பிள் மரத்தடியில் தம்போலா டிக்கெட் பையைத் திறந்தார். கம்பளிக் கோட்டோடு எண் கூப்பிட்டார். ஒரு வரி தமிழில், அடுத்த வரி ஆங்கிலத்தில். டிக்கெட்டில் ஐந்து எண்ணை முதலில் அடித்துப் பரிசு வாங்கியது, என் மேல் பாப்கார்ன் எறிந்த குழந்தையின் குடும்பம்போல் ஒரு குடும்பம். சோப்புப்பெட்டியைத் தங்கக் கோப்பைபோல் தூக்கிக் காட்டினார்கள்.

புதன்கிழமை அவர் டப்ளின் போனார். ஜூலை நான்கு ஊர்வலத்தில் டீச்சரும் எஞ்சினியரும் பேனரைப் பிடித்தார்கள், மூன்று முறை திருப்பிப் பார்த்து. நான் பின்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு நடந்தேன். முப்பதாம் நாள் முறைப்படி பதினொன்றாம் விதி நீக்கப்பட்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை. தம்போலா நடத்துபவர் நேரில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்பதையும் டீச்சரே கண்டுபிடித்தார்.

இப்போது புதன்கிழமை இங்கே மதியம் மூன்று மணி, அங்கே பன்னிரண்டு. கிளப்ஹவுஸ் டிவியில் அவருடைய முகம் வருகிறது. சில நாள் பாதி முகம், சில நாள் மூக்கு மட்டும். முப்பத்தைந்து பேர் வருகிறார்கள். என்னை மன்னித்ததாக அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வருடத்துப் புதன்கிழமைகளை எந்த ஓட்டெடுப்பாலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அவர் ஒரு தண்டனை வைத்திருக்கிறார்.

"பதினொண்ணு! சார் எழுதுன ரூலு! எந்திரிங்க சார்!"

நான் எழுந்து நிற்க வேண்டும். கூட்டம் முழுக்கக் கைதட்டும். அடுத்த எண் வரும்வரை உட்காரக் கூடாது. அவர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பார், கண்ணாடி துடைப்பார், கலிஃபோர்னியா வெயிலைப் பற்றிப் பேசுவார்.

போன புதன்கிழமை என் டிக்கெட் முழுவதும் அடித்து முடிக்க ஒரே ஒரு எண் பாக்கி, அதே பதினொன்று. கூப்பிட்டார். எழுந்தேன். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, "சார், ஃபுல் ஹவுஸ்," என்றேன்.

டிவியில் ஒரு பெரிய கண் நெருங்கி வந்தது. "நெசமாவா? டீச்சர், டிக்கெட்ட வாங்கி நல்லாப் பாருங்க. திருப்பிப் புடிச்சிருக்கப் போறாரு."